ஹோர்ட்டன் சமவெளியில் கி.மு. 15,000-இல் தானிய அறுவடை நடந்ததா?

இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளியில் பலாங்கொடை மனிதர்கள் (இலங்கைக் குகைகளில் வாழ்ந்த கற்கால வேட்டை மக்கள்) கி.மு. 15,000 வாக்கிலேயே பார்லியும் ஓட்ஸும் அறுவடை செய்தார்கள் என்று பல இடங்களில் படித்ததாகவும், அது உண்மையானால் உலகின் முதல் உழவர்கள் அவர்கள்தானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பள்ளிக் கட்டுரைப் போட்டிக்குத் தயாராகும் உங்கள் மகளுக்கு இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஒரே கேள்விபோல் தெரிந்தாலும் இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அந்தக் காலத்தில் அந்த மேட்டுநிலத்தில் மனிதர்கள் நடமாடினார்களா? புல்வகைகளின் மணிகளைச் சேகரித்துத் தின்றார்களா? விதைத்து வளர்த்தார்களா? முதல் கேள்விக்கு அநேகமாக ஆம். இரண்டாவதற்கு, இருக்கலாம். மூன்றாவதற்கு, இன்று கையில் இருக்கும் சான்றுகளை வைத்து நான் ஆம் என்று சொல்ல மாட்டேன். ஏன் என்பதை விளக்கக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

என் படிப்பு தொல்தாவரவியல். சேற்றுப் படிவங்களிலிருந்து மகரந்தத்தைப் பிரித்து எண்ணுவதும், அகழாய்வுக் குழியிலிருந்து வரும் மண்ணை நீரில் கலக்கி மிதக்கும் கரித்துண்டுகளை வடித்தெடுப்பதும் என் அன்றாட வேலை. கற்கருவிகளின் விளிம்புத் தேய்மானத்தை ஆராய்வது வேறு துறை. அதைப்பற்றிச் சொல்லும் இடங்களில் அத்துறையினர் பதிப்பித்ததைப் படித்தவன் என்ற அளவில்தான் சொல்கிறேன்.

முதலில் இந்தச் செய்தி எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ஹோர்ட்டன் சமவெளி கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கும் மேலே உள்ள குளிர்ந்த மேட்டுநிலம். புல்வெளியும் குட்டையான மலைக்காடும் மாறிமாறி வரும். பள்ளங்களில் நீர் தேங்கி, மட்கிய செடிகொடிகள் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கரிச்சேறாகப் படிந்திருக்கின்றன. அந்தப் படிவத்தில் குழாயை இறக்கி எடுத்த மண்தூணை ஆராய்ந்து, ரத்னசிறி பிரேமதிலகவும் ஸ்வீடனைச் சேர்ந்த யான் ரிஸ்பெரியும் 2003-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதன் முதன்மையான பொருள் பருவமழையின் வரலாறு. கடந்த 24,000 ஆண்டுகளில் மழை எப்போது வலுத்தது, எப்போது ஒடுங்கியது என்பதை மகரந்தமும் வேறு நுண்தடயங்களும் கொண்டு அவர்கள் எழுதினார்கள். அந்த வகையில் அது தென்னாசியாவுக்கே அருமையான பதிவு. அந்த ஆய்விலும், பிரேமதிலக பின்னர் எழுதிய கட்டுரைகளிலும் மனிதக் கைவரிசையைப் பற்றிய பகுதி வருகிறது. ஏறத்தாழ 17,500 ஆண்டுகளுக்கு முந்தைய அடுக்குகளில் கரித்துகள்கள் கூடுகின்றன, மேய்ச்சலைக் காட்டும் செடிகள் தலைகாட்டுகின்றன, தானிய வகையைச் சேர்ந்தவையாகத் தோன்றும் பெரிய புல் மகரந்தங்கள் கிடைக்கின்றன. ஏறத்தாழ 13,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்து பார்லி, ஓட்ஸ் வகை மகரந்தம் ஓரளவு தொடர்ச்சியாக வருகிறது. இதை வைத்துக் காடெரிப்பு, மேய்ச்சல், தொடக்கநிலைத் தானியப் பராமரிப்பு என்று அவர் விளக்கம் தந்தார். கலைக்களஞ்சியங்களிலும் சுற்றுலா ஏடுகளிலும் பாடக்குறிப்புகளிலும் நீங்கள் படிக்கும் "கி.மு. 15,000" இங்கிருந்து கிளம்பியதுதான். கவனியுங்கள்: சேற்றில் கிடைத்தது மகரந்தம். தானிய மணி கிடைக்கவில்லை, அரிவாள் கிடைக்கவில்லை, அரைத்த கல்லும் கிடைக்கவில்லை.

மகரந்தம் என்றால் சாதாரணச் சான்றா என்று நினைத்துவிட வேண்டாம். காட்டின் வரலாற்றைச் சொல்ல அதைவிட நம்பகமானது குறைவு. ஆனால் புல் குடும்பத்தில் அது திணறும். நெல், பார்லி, கோதுமை, அறுகு, தர்ப்பை, மூங்கில் எல்லாம் ஒரே குடும்பம். நுண்ணோக்கியில் அவற்றின் மகரந்தங்கள் அனைத்தும் உருண்டையாக, ஒற்றைத் துளையுடன், துளையைச் சுற்றி ஒரு வளையத்துடன் தெரியும். தேவதாரையும் நாவலையும் பிரிப்பதுபோல் இவற்றைப் பெயர் சொல்லிப் பிரிக்க முடியாது. அதனால் அளவை நம்புகிறோம். ஏறத்தாழ 40 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் குறுக்களவும், 8 மைக்ரானுக்கு மேல் துளைவளையமும் இருந்தால் "தானிய வகை" என்ற பெட்டியில் போடுகிறோம். அப்புறம் மேற்பரப்பின் புள்ளிகள் எப்படிப் பரவியிருக்கின்றன என்று பார்த்து "பார்லி வகை", "ஓட்ஸ்-கோதுமை வகை" என்று மேலும் பிரிக்கிறோம். இந்த "வகை" என்ற சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. பார்லி வகை என்றால் பார்லியின் அளவுள்ள மகரந்தம் என்று பொருள். ஐரோப்பாவின் நீரோரப் புற்கள் சிலவும், கடற்கரை மணற்புற்கள் சிலவும் அதே பெட்டிக்குள் வந்து விழுகின்றன என்பது அங்கே பல பத்தாண்டுகளாகத் தெரிந்த சங்கதி. அந்த அளவுகோல்கள் ஐரோப்பியப் புற்களை அளந்து உருவாக்கப்பட்டவை. தென்னாசியாவின் காட்டுப்புற்களிலும் மகரந்தம் பருத்தவை உண்டு. நெல்லின் காட்டு உறவுகளே இலங்கையில் ஐந்து இருக்கின்றன.

அளவு என்றேன். அந்த அளவும் கல்வெட்டு அல்ல. சேற்றிலிருந்து மகரந்தத்தைப் பிரிக்கும்போது காரத்தில் கொதிக்கவைத்து மட்கைக் கரைக்கிறோம், அமிலத்தில் மணலைக் கரைக்கிறோம், பிறகு கந்தக அமிலம் கலந்த கரைசலில் எஞ்சிய நார்ப்பொருளை எரிக்கிறோம். கடைசியில் குழாயின் அடியில் பழுப்பு நிறத்தில் ஒரு சொட்டு மிஞ்சும். அதைக் கண்ணாடித் தகட்டில் வைத்து மூட ஒரு திரவம் வேண்டும். கிளிசரினில் வைத்தால் மகரந்தம் நாளடைவில் ஊதும். சிலிக்கோன் எண்ணெயில் வைத்தால் அப்படியே இருக்கும். முதல் வாரம் 36 மைக்ரான் இருந்த ஒரு புல் மகரந்தம் கிளிசரின் தகட்டில் சில மாதங்கள் கழித்து 40-ஐத் தொட்டுவிடலாம். அதாவது காட்டுப்புல் ஒன்று அலமாரியில் இருந்தபடியே தானியமாகிவிடும். எனவே தானிய மகரந்தம் கிடைத்தது என்று யார் எழுதினாலும், எதில் வைத்து அளந்தார்கள், உள்ளூர்ப் புற்களின் மகரந்தத்தை அதே முறையில் அளந்து ஒப்பிட்டார்களா என்பதைத்தான் நான் முதலில் தேடுவேன். 40 என்ற எல்லைக்கோட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் மகரந்தங்கள் ஒருபுறம் இருக்கட்டும், 50-ஐத் தாண்டியவை கூட்டமாகக் கிடைத்தால் பேச்சே வேறு.

மறுபக்க வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பார்லி பெரும்பாலும் தன் மகரந்தத்தால் தானே சூல் கொள்ளும் பயிர். அதன் மகரந்தம் உமிக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும், காற்றில் வெகுதூரம் போகாது. கதிரடிக்கும்போதுதான் அதிகம் வெளியேறும். ஆகவே உண்மையான பார்லி மகரந்தம் ஒரு சதுப்பில் கிடைத்தால், வயலோ களமோ பக்கத்தில் இருந்ததற்கு அது நல்ல அடையாளம். வெறும் சில மகரந்தத் துகள்கள் என்று ஒதுக்க முடியாது. ஆனால் இந்த வாதம் நிற்பதற்கு அது பார்லிதான் என்று முதலில் நிலைநாட்ட வேண்டும்.

இங்கே பெரிய முட்டுக்கட்டை ஒன்று வருகிறது. பார்லியின் காட்டு மூதாதை மேற்காசியாவிலிருந்து நடு ஆசியா வரை பரவியிருப்பது. காட்டு ஓட்ஸின் தாயகம் மத்தியதரைக் கடல் ஓரமும் மேற்காசியாவும். இரண்டும் குளிர்கால மழைக்குப் பழகிய செடிகள். இலங்கை மலைகளில் இவை இயல்பாக முளைத்ததற்குத் தாவரவியலில் ஆதரவில்லை. மேற்காசியாவிலேயே பார்லி முழுமையான பயிராக, அதாவது முற்றிய பிறகும் மணி உதிராத கதிராக மாறியது ஏறத்தாழ 10,500 ஆண்டுகளுக்கு முன்புதான். ஓட்ஸின் கதை இன்னும் பிந்தியது. கோதுமை வயல்களில் களையாக ஒட்டிக்கொண்டு ஐரோப்பாவுக்குப் போய், ஏறத்தாழ 3,000 ஆண்டுகளுக்கு முன்புதான் அங்கே பயிரானது. அப்படியிருக்க, 17,500 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் சேர்ந்து ஹோர்ட்டன் சமவெளியில் இருந்தன என்றால், காட்டு விதையை யாரோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் சுமந்து வந்திருக்க வேண்டும். இடைவழியில், சிந்துவெளியிலோ தக்காணத்திலோ, அவ்வளவு பழைய தடயம் ஒன்றுகூட இல்லாமல் அது நடந்திருக்க வேண்டும். தென்னிந்தியப் புதிய கற்கால ஊர்களில், கர்நாடகத்தின் சங்கனகல்லு, ஹல்லூர் போன்ற இடங்களில், முதலில் தெரிவது உள்ளூர்ச் சிறுதானியங்களும் பாசிப்பயறும் கொள்ளும்தான். அதுவே இன்றைக்குச் சுமார் 5,000 ஆண்டுகளுக்குள் அடங்கிவிடுகிறது. பார்லியும் கோதுமையும் அங்கே வடக்கிலிருந்து பிறகு வந்து சேர்கின்றன. இந்த ஒரு காரணத்துக்காகவே, ஹோர்ட்டன் சமவெளியின் பெரிய மகரந்தங்களுக்கு உள்ளூர்ப் புல் ஒன்றை முதலில் சந்தேகிப்பது நியாயம் என்று நினைக்கிறேன். உள்ளூர்ப் புல்லாக இருந்தால் அதன் மணியை மக்கள் சேகரித்திருக்கவே முடியாது என்று பொருளல்ல. சேகரித்திருக்கலாம். பார்லி என்ற பெயர்தான் பொருந்தாது.

தீயும் மேய்ச்சலும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வறண்ட காலத்துப் புல்வெளி இடி விழுந்தும் எரியும். மேய்ச்சலுக்கு மேய்ப்பன் தேவையில்லை. இன்றும் அங்கே மரைமான்கள் கூட்டங்கூட்டமாக மேய்கின்றன, முன்பு யானைகளும் இருந்தன. கரியும் மேய்ச்சல் செடியும் மனிதனைச் சந்தேகிக்க வைக்கும். கைகாட்டிக் குற்றம் சாட்டப் போதாது.

காலக்கணக்கில் இரண்டு குழப்பங்கள் உண்டு. ஒன்று, "இன்றைக்கு முன்" என்ற கணக்கையும் கி.மு.-வையும் கலந்துவிடுவது. கார்பன் காலக்கணிப்பில் "இன்று" என்பது 1950-ஆம் ஆண்டு. 17,500 ஆண்டுகளுக்கு முன் என்றால் கி.மு. 15,500 அளவு. இதைச் சிலர் கி.மு. 17,500 என்றே எழுதி 2,000 ஆண்டுகளைக் கூசாமல் கூட்டிவிடுகிறார்கள். இன்னொன்று கொஞ்சம் ஆழமானது. கணிக்கப்பட்ட காலம் சேற்றினுடையது, மகரந்தத்தினுடையது அல்ல. சதுப்பில் வேர்கள் கீழே துளைத்து இறங்கும், நீர் நுண்துகள்களைக் கீழே இழுத்துச் செல்லும், விலங்குகள் மிதித்துக் கலக்கும். காட்டின் பெரும்போக்கைச் சொல்லும் ஆயிரக்கணக்கான மகரந்தங்களுக்கு இது பொருட்டில்லை. அடுக்குக்கு ஒன்றிரண்டு என்று கிடைக்கும் அரிய மகரந்தங்களை வைத்து வாதிடும்போதுதான் இடிக்கும். ஹோர்ட்டன் சமவெளியில் கடந்த நூற்றாண்டில் உருளைக்கிழங்கே பயிரிட்டிருக்கிறார்கள். அது மேலடுக்கை மட்டும்தான் கிளறியிருக்கும். ஆனாலும் அது மனிதக் கை படாத சதுப்பு என்று எண்ணிவிடக் கூடாது.

அப்படியானால் நல்ல சான்று எப்படியிருக்கும்? இஸ்ரேலில் கலிலேயாக் கடல் எனப்படும் ஏரியின் கரையில் ஒஹாலோ என்ற இடம் இருக்கிறது. 1989-இல் ஏரி நீர்மட்டம் இறங்கியபோது வெளிப்பட்ட, ஏறத்தாழ 23,000 ஆண்டுகள் பழைய குடிசைத் தொகுதி. எரிந்த குடிசைகள் உடனே நீரில் மூழ்கியதால், ஒன்றரை லட்சம் அளவிலான தாவர எச்சங்கள் கெடாமல் இருந்தன. 140-க்கும் மேற்பட்ட செடிவகைகள், அவற்றில் காட்டு பார்லியும் காட்டுக் கோதுமையும் மணி மணியாக. ஒரு கல்லின் மேற்பரப்பில் பார்லி மாவுச்சத்தின் துகள்கள் ஒட்டியிருந்தன, அதைச் சுற்றி மணிகள் சிந்திக் கிடந்த விதமும் பதிவாகியிருக்கிறது. சில கல்லலகுகளின் விளிம்பில் பளபளப்பு இருந்தது. புல் தண்டில் உள்ள சிலிக்கா, அறுக்க அறுக்கக் கல்லை மெருகேற்றும். அந்த மெருகை உருப்பெருக்கியில் பார்த்தவர்கள், பச்சைவாட்டமான தானியத் தண்டை அறுத்தது என்று முடிவுக்கு வந்தார்கள். மணி, அரைத்த கல், அறுத்த அலகு என்று மூன்று தனித்தனிச் சாட்சிகள் ஒரே வாக்குமூலம் கொடுக்கின்றன. அங்கே கூட ஆய்வாளர்கள் "முயற்சி அளவிலான பயிர்ச்செய்கை" என்றுதான் எழுதினார்கள், அதற்கும் எதிர்ப்பு வந்தது. அறுவடை செய்தார்கள் என்பதை மட்டும் யாரும் தீவிரமாக மறுப்பதில்லை. உலகில் "முதல்" என்ற போட்டி வைத்தால், 23,000 ஆண்டுகள் பழைய ஒஹாலோ எப்படியும் ஹோர்ட்டன் சமவெளிக்கு முன்னால் நிற்கிறது. எனவே உங்கள் "முதல் உழவர்கள்" கேள்விக்கு, பிரேமதிலகவின் விளக்கத்தை முழுதாக ஏற்றுக்கொண்டாலும் அறுவடையில் முதலிடம் கிடைக்காது.

ஒஹாலோ போல் இலங்கையில் ஏன் கிடைக்கவில்லை, கிடைக்காததே இல்லாமைக்குச் சான்றா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. காட்டுத் தானியத்தைச் சேகரிக்க அரிவாள் வேண்டியதே இல்லை. முற்றிய கதிரைக் கூடைக்குள் வளைத்துத் தட்டினால் மணி உதிர்ந்துவிடும், கையால் உருவியும் எடுக்கலாம். அப்படி எடுத்தால் கல்லில் மெருகு ஏறாது. மணி தீயில் தவறி விழுந்து கருகினால்தான் நமக்கு மிஞ்சும். கருகிய மணியும் நனைவதும் காய்வதுமாகப் பல்லாயிரம் முறை மாறும் ஈரமண்ணில் பொடிந்துபோகும். தவிர, பழைய அகழாய்வுகள் பலவற்றில் மண்ணைச் சல்லடையில் சலித்ததோடு சரி. நீரில் மிதக்கவைத்துக் கால் மில்லிமீட்டர் கண்ணுள்ள வலையில் வடித்தால்தான் சிறுதானியங்களும் கதிர்க் காம்பின் துணுக்குகளும் அகப்படும். இதைச் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒரு வாளி மண்ணைக் கலக்கி ஊற்றினால் மேலே வருவது பெரும்பாலும் இன்றைய வேர்நார், எறும்புத்தலை, நத்தை ஓட்டுத் துணுக்கு. நிழலில் காயவைத்து, தகட்டில் பரப்பி, மெல்லிய தூரிகையால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கும்போது எங்கோ ஒரு நெற்பூவின் அடித்தண்டு, ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாதது, தட்டுப்படும். அதன் அடியில் வடு வழவழப்பான வட்டமாக இருந்தால் மணி தானே உதிர்ந்தது, காட்டு நெல். வடு கிழிந்து பள்ளமாக இருந்தால் யாரோ அடித்துப் பிரித்தது, பயிர் நெல். காட்டுத் தானியமா பயிரா என்ற வழக்கைத் தீர்ப்பது அந்த வடுதான்.

இனி, பலாங்கொடை மக்கள் எதைத் தின்றார்கள் என்று நமக்கு உறுதியாகத் தெரிந்ததைப் பார்ப்போம். இந்தப் பக்கத்தைப் பாடக்குறிப்புகள் ஏன் இவ்வளவு சுருக்குகின்றன என்பது எனக்கு விளங்காத ஒன்று. பாஹியன் குகையில் 45,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் வாழ்ந்திருக்கிறார்கள். பட்டதொம்பலென, கித்துள்கல பெலிலென குகைகளிலும் பல்லாயிரம் ஆண்டுத் தொடர்ச்சி இருக்கிறது. பாஹியன் குகையில் கிடைத்த எலும்புகளில் பெரும்பான்மை குரங்கும் மலை அணிலும். மரத்தின் உச்சியில் தாவும் விலங்கை இவ்வளவு எண்ணிக்கையில் பிடிக்க நுட்பமான கருவி வேண்டும். எலும்பில் செய்த கூர்முனைகள் அங்கே கிடைத்துள்ளன, அவை வில்லோடு எய்த அம்புமுனைகள் என்று 2020-இல் ஓர் ஆய்வு வாதிட்டது. தாவர உணவில் முதன்மையாகத் தெரிவது கெக்குன என்று சிங்களத்தில் வழங்கும் கொட்டை. நம் கருங்குங்கிலிய மரத்தின் உறவு. கருகிய ஓடுகள் அடுக்கடுக்காகக் கிடைக்கின்றன, அவற்றை உடைக்கப் பயன்பட்ட குழிவிழுந்த கற்களும் கிடைக்கின்றன. காட்டு வாழை, காட்டு ஈரப்பலா ஆகியவையும் அடையாளம் காணப்பட்டுள்ளன. நத்தை ஓடுகளுக்கோ கணக்கே இல்லை.

பல்லின் மேற்பூச்சில் உள்ள கார்பனின் வகையை அளந்து 2015-இல் வெளியான ஆய்வு, 20,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 3,000 ஆண்டுகளுக்கு முன்புவரை அந்த மக்கள் மழைக்காட்டின் உணவையே பெரிதும் நம்பியிருந்ததைக் காட்டியது. தட்பவெப்பம் மாறியபோதும் அவர்கள் காட்டைக் கைவிடவில்லை. இதை மேற்கோள் காட்டி, பார்லி தின்னவில்லை என்று நிரூபணமாகிவிட்டதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பார்லியும் நெல்லும் காட்டு மரங்களும் ஒளிச்சேர்க்கையில் ஒரே வழியைப் பின்பற்றுபவை. அடர்காட்டு நிழலில் வளர்ந்ததையும் வெட்டவெளியில் வளர்ந்ததையும் அந்த அளவு ஓரளவு பிரிக்கும், அவ்வப்போது உண்ட ஒரு கைப்பிடித் தானியத்தைக் காட்டிக்கொடுக்காது. மேலும் அந்தப் பற்கள் தாழ்நிலக் குகைகளைச் சேர்ந்தவை. மேட்டுநிலத்துக்குப் பருவத்துக்கு ஏறி இறங்கியவர்கள் இருந்திருந்தால் அது தனிக்கதை.

தானியத்தைப் பொறுத்தவரை என் ஆவலைத் தூண்டுவது ஹோர்ட்டன் சமவெளியைவிடப் பாஹியன் குகைதான். அங்கே எடுத்த மண்ணில் தாவரச் சிலிக்கா நுண்கற்களை ஆராய்ந்து பிரேமதிலகவும் கிறிஸ் ஹண்டும் 2018-இல் எழுதினார்கள். புல், செடி, மரம் எல்லாம் நிலத்தடி நீரோடு சிலிக்காவை உறிஞ்சித் தம் செல்களில் படியவைக்கும், செடி மட்கினாலும் அந்த வார்ப்பு மண்ணில் நிற்கும். வாழை, ஈரப்பலா ஆகியவற்றோடு, காட்டு நெல்லை ஒத்த நுண்கற்களும் பழைய அடுக்குகளில் இருப்பதாக அவர்கள் தெரிவித்தார்கள். காட்டு நெல் இலங்கையின் இயல்புச் செடி, குளங்குட்டைகளில் இன்றும் தானாக விளைவது. அதனால் பார்லிக்கு எழும் தாயகச் சிக்கல் இதற்கு எழாது. தானாகக் குகைக்குள் நடந்து வராத செடி என்பதும் உண்மை. ஆனால் நெல்லின் இலையில் உருவாகும் நுண்கல் ஒரு வகை, உமியில் உருவாகும் நுண்கல் வேறு வகை. உமியினுடையது நிறைய இருந்தால் மணியைக் கொண்டுவந்து குத்தியிருக்கிறார்கள் என்று சொல்லலாம். இலையினுடையது என்றால் படுக்கைக்கு விரித்த புல்லாகவும் இருக்கலாம். ஒரு குகையின் ஒரு வகைச் சான்று என்ற அளவில் இதைக் "கவனிக்கத்தக்கது" என்ற வரிசையில் வைக்கிறேன். அந்த வரிசையில் ஹோர்ட்டன் பார்லிக்கு இதற்குப் பின்னால்தான் இடம்.

உங்கள் கேள்வியில் "தீவு மக்கள்" என்று எழுதியிருந்தீர்கள். பலரும் கவனிக்காத சங்கதி இது: கி.மு. 15,000-இல் இலங்கை தீவே அல்ல. பனியுகத்தின் உச்சத்தில் கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. பாக் நீரிணையோ பெரும்பகுதி பதினைந்து மீட்டர்கூட ஆழமில்லாதது. மன்னாரிலிருந்து இராமநாதபுரத்துக்குக் கால் நனையாமல் நடந்திருக்கலாம். சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன்புதான் கடல் ஏறித் துண்டித்தது. ஆகவே அக்காலத்து இலங்கையின் தாவர, மனித வரலாற்றைத் தென்னிந்தியாவின் தெற்கு முனையாகவே படிக்க வேண்டும். மேலே சொன்ன இடைவழித் தடயச் சிக்கல் இன்னும் கூர்மையாவது இதனால்தான். உண்மையிலேயே கடல் சூழ்ந்த தீவில் முதல் தானியம் எப்படித் தெரியும் என்று பார்க்க விரும்பினால் சைப்ரஸைப் பாருங்கள். அது மனிதன் தோன்றிய பிறகு பெருநிலத்தோடு ஒட்டியதே இல்லை. அங்கே கிளிமோனாஸ் என்ற ஊரில், 10,600 ஆண்டுகளுக்கு முற்பட்ட வட்ட வீடுகளில், எம்மர் வகைக் கோதுமையின் தடயங்கள் கிடைத்தன. அந்தக் கோதுமை சைப்ரஸின் இயல்புச் செடி அல்ல. யாரோ படகில் விதையை ஏற்றி வந்து விதைத்தால்தான் அங்கே வரும். தீவு என்பதே அங்கே சான்றுக்கு வலுவூட்டுகிறது.

இலங்கையில் ஐயமின்றித் தானியம் எப்போது தெரிகிறது? கேகாலை அருகே தொரவக்ககந்த குகையில் கி.மு. 4300 அளவில் மட்பாண்டமும், ஒருவேளை தானியப் பயிர்ச்செய்கையும் இருந்திருக்கலாம் என்று இலங்கைத் தொல்லியலாளர் சிரான் தெரணியகல குறிப்பிட்டிருக்கிறார். "ஒருவேளை" அவருடையதுதான், அதை விட்டுவிட்டு மேற்கோள் காட்டாதீர்கள். உறுதியான நிலத்தில் நம் கால் படுவது இரும்புக்காலத்தில்தான். அனுராதபுரத்தில் கி.மு. 900 அளவில் இரும்பு, குதிரை, மாடு, நெல் எல்லாம் ஒருசேரத் தென்படுகின்றன. யாழ்ப்பாணத்துக் கந்தரோடையில் கிறித்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளைச் சேர்ந்த நெல்லும் சிறுதானியமும் கிடைத்து, மணிகளே நேரடியாகக் கார்பன் காலக்கணிப்புக்கு உட்படுத்தப்பட்டுள்ளன. மாந்தையில் 2009, 2010-இல் தோண்டிய மண்ணிலும் நெல் மலிந்திருந்தது. கூடவே கோதுமையும் வந்தது, வறண்ட மன்னார்க் கரையில் விளைய வாய்ப்பில்லாத அது கப்பலில் வந்த சரக்கு. இக்கரையில், தமிழ்நாட்டின் பொருந்தலில் ஈமக்குழியில் வைத்த நெல் கி.மு. 490 அளவையும், சிவகளைத் தாழியில் இருந்த நெல் கி.மு. 1155 அளவையும் தருகின்றன. கந்தரோடை, பொருந்தல், சிவகளை ஆகிய இடங்களில் சேற்றின் காலத்தைக் கொண்டு நெல்லின் காலத்தை ஊகிக்கவில்லை. நெல்லையே அளந்தார்கள் என்பதுதான் வேறுபாடு.

அனுராதபுரத்து நெல்லுக்கும் பாஹியன் குகைக் காட்டு நெல்லுக்கும் நடுவே பல்லாயிரம் ஆண்டு இடைவெளி வெறுமையாகக் கிடக்கிறது. அந்த இடைவெளியில் யார், எதை, எங்கே வளர்க்கத் தொடங்கினார்கள் என்பதுதான் இலங்கைத் தொல்லியலின் உண்மையான புதிர். கி.மு. 15,000 பார்லி என்ற பளபளப்பான செய்தி அந்தப் புதிரை மறைத்துவிடுகிறது என்பது என் குறை. ஆய்வாளர் கட்டுரையில் இருந்த "இருக்கலாம்", அடுத்தவர் சுருக்கத்தில் "இருந்தது" ஆகி, நாளேட்டில் "உலகிலேயே முதலில்" என்று ஊதிவிடுகிறது. அதற்கு முதலில் எழுதியவரைக் குறைசொல்வது நியாயமில்லை.

உங்கள் மகளின் கட்டுரைக்கு இப்படி எழுதச் சொல்வேன்: "ஹோர்ட்டன் சமவெளியின் சேற்றுப் படிவத்தில் சுமார் 17,500 ஆண்டுகளுக்கு முந்தைய அடுக்குகளில் தானிய வகையைச் சேர்ந்தவையாகக் கருதப்படும் மகரந்தம் கிடைத்துள்ளது. இதைத் தொடக்ககாலத் தானியப் பயன்பாடு என்று சில ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். கருகிய மணியோ அறுவடைக் கருவியோ கிடைக்காததால் இது இன்னும் உறுதியாகவில்லை." இடம் இருந்தால் கெக்குனக் கொட்டையையும் குரங்கு வேட்டையையும் பற்றி இரண்டு பத்தி சேர்க்கட்டும், அதற்கு மதிப்பெண் குறைந்தால் திருத்தியவரிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். நாளைக்கே அந்தச் சதுப்பின் ஓரத்தில், அடுப்புச் சாம்பலோடு ஒரே ஒரு கருகிய பார்லி மணி கிடைத்து, அந்த மணியே 15,000 ஆண்டு என்று கணிக்கப்பட்டால், மேலே எழுதியதில் பாதியை அழித்துவிட்டு வேறு பதில் எழுதுவேன்.